அடையா வாயிலும் அரண்மனைக் காவலும்

சங்க காலத் தமிழ் மன்னர் மனைகளில் காவல் புரிந்தோர் ஒரே வகையினர் அல்லர். வருவோரை அறிந்து உள்ளே விடும் வாயிலோர், அரசனின் அருகிலேயே நின்ற மெய்காப்பாளர், இரவின் யாமங்களில் தெருச் சுற்றிய ஊர்காப்பாளர், பொழுதை அளந்து அறிவித்த நாழிகைக் கணக்கர் எனத் தொழில் பிரிந்திருந்தது. இவர்கள் பகைவரைத் தடுத்ததே பெரிதும் பேசப்படுகிறது. ஆயினும் பரிசில் நாடி வந்தோரைத் தடுக்காதிருப்பதும் காவலரின் கடமையாகவே கருதப்பட்டது என்பதைக் கொல்லிமலையையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்த பாடல்கள் காட்டுகின்றன.

கொல்லியை ஆண்ட வல்வில் ஓரியிடம் மெய்காப்பாளர் இருந்தனரா என்று தேடுவோர்க்குப் புறநானூற்றின் 152ஆம் பாடல் வியப்பையே தரும். வன்பரணர் பாடிய அப்பாட்டில், யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவிப் புற்றில் கிடந்த உடும்பில் சென்று தைக்கும்படி ஒரே அம்பை எய்த வேட்டுவன் ஒருவனைக் காட்டில் பாணர் கூட்டம் காண்கிறது; ஏவலர் இன்றி, காவலர் இன்றி, ஊனுணவு கொடுத்து, மலையில் கிடைத்த பொன்னும் மணியும் அளித்த அவனே ஓரி என்பது பின்னரே புலனாகிறது. வாயிலும் வாயிலோனும் இடையில் நில்லாத இந்தச் சந்திப்பு, குறுநில மன்னனின் எளிமையைக் காட்டும் அளவுக்கு அவன் நிலையின் ஆபத்தையும் காட்டுகிறது. பகை மன்னனான மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்கு அளித்ததை அகநானூறு 209ஆம் பாடலில் கூறுகிறது. காரி ஓரியின் பெருந்தெருவுக்குள் புகுந்தபோது எழுந்த ஆரவாரத்தை நற்றிணையில் கபிலர் உவமையாக எடுத்தாள்கிறார். ஓரியின் ஊரின் வீழ்ச்சி அப்பாட்டில் ஒரு தெருவின் ஓசையாக மட்டுமே எஞ்சியிருப்பது நெஞ்சை வருத்துவதாகும்.

அண்டை நாடான தகடூரில், அதாவது இன்றைய தருமபுரியில், அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தரக் காலம் தாழ்த்தியபோது, ஔவையார் தம் சினத்தை மன்னனிடம் நேரே கூறாமல் அவனது வாயிற்காவலனை விளித்தே கூறினார். அங்கும் அக்காவலன், பரிசிலர்க்குக் கதவடைக்காதவன் என்ற சிறப்போடுதான் விளிக்கப்படுகிறான். பின்னர்க் கொல்லிக் கூற்றத்தில் போரிட்டுத் தகடூரையும் அழித்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனையிலோ, முரசை நீராட்டுவதற்கு எடுத்துச் சென்றிருந்த வேளையில், அது வைக்கப்படும் கட்டிலில் புலவர் மோசிகீரனார் அறியாமல் படுத்து உறங்கிவிட்டார். அரசுரிமையின் அடையாளமான முரசின் கட்டிலில் ஏறுவது வாளால் வெட்டப்படுவதற்குரிய குற்றம். மன்னன் வாளை எடுக்காமல் கவரியை எடுத்து வீசினான். புலவர் ஒருவர் அவ்வளவு உள்ளே தடையின்றிச் செல்ல முடிந்ததென்றால், அதைக் காவலின் தளர்ச்சியாகக் கொள்வதைவிட, யாரைத் தடுக்கக்கூடாது என்பதைக் காவலர் அறிந்திருந்ததாகக் கொள்வதே பொருந்தும்.

பேரரசனின் காவல் வேறு. நப்பூதனார் இயற்றிய முல்லைப்பாட்டு போர்ப் பாசறையின் நள்ளிரவை மிக நுணுக்கமாகக் காட்டுகிறது. கச்சில் வாள் செருகிய பெண்கள் எண்ணெய்க் குழாய் ஏந்தி, அணையும் விளக்குகளை மீண்டும் ஏற்றுகின்றனர். முதிர்ந்த மெய்காப்பாளர் தூக்க மயக்கத்தில் காற்றில் ஆடும் பூங்கொடிபோல் அசைந்தவாறே சுற்றி வருகின்றனர். சிறு துளை வழியே நீர் புகும் கன்னலைக் கொண்டு பொழுதறிவோர் நாழிகை சொல்கின்றனர். யவனர் அமைத்த உள்ளறையின் அருகே, சைகையால் மட்டுமே பேசும் மிலேச்சர் காவல் நிற்கின்றனர். அயலாரையும் பேசாதாரையும் உள்வட்டத்தில் நிறுத்தியதில், கேட்டதை வெளியே சொல்ல முடியாதவரையே வேந்தன் நம்பினான் என்ற கசப்பான உண்மை அடங்கியிருக்கிறது. உறங்காத காவல் மனிதரால் இயலாதென்பதால் போலும், காற்றும் இடியும் நில நடுக்கமும் தாக்கினும் நிலைகுலையாத பாவை ஒன்று கொல்லியில் இருப்பதாகப் புலவர்கள் பாடினர். அது நகைத்தே பகைவரைக் கொல்லும் என்ற நம்பிக்கையும் வளர்ந்தது.

சோழர் காலத்தில் காவல், படைப்பிரிவாகவே வளர்ந்தது. அரசனுக்காக உயிர் கொடுப்பதாக உறுதி பூண்ட வீரர் வேளைக்காரர் எனப்பட்டனர். முதலாம் இராசராசன் (985–1014) காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், தேர்ந்தெடுக்கப்பட்ட என்னும் பொருளில் 'தெரிந்த' என்ற அடைமொழியோடு அவர்களது பிரிவுகள் பலவற்றைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. பாண்டிய நாட்டில் இத்தகையோர் ஆபத்துதவிகள் எனப்பட்டனர். மன்னனின் சிதையில் அவனுடைய தோழர்களும் விழுந்து மடிவர் என்று 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதியது இத்தகைய உறுதிமொழியையே நினைவூட்டுகிறது.

அந்த உறுதி என்றும் நிலைத்ததன்று. இலங்கையில் பொலன்னறுவையை ஆண்ட முதலாம் விசயபாகு (1055–1110) சோழர்மேல் படையெடுக்க ஆணையிட்டபோது, அவனது வேளைக்காரப் படை மறுத்தெழுந்து, தளபதியர் இருவரைக் கொன்று, அரசனின் தங்கையைச் சிறைப்பிடித்து, அரண்மனையையும் எரித்தது என இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் கூறுகிறது. கிளர்ச்சித் தலைவர்கள் கொடிய தண்டனைக்கு உள்ளாயினர். ஆயினும் அம்மன்னன் மறைந்த சிறிது காலத்தில், புத்தரின் பல் வைக்கப்பட்ட கோயிலை உயிர் கொடுத்தேனும் காப்பதாகவும், தம் மரபு உள்ளளவும் இக்கடமை தொடரும் என்றும் அதே வேளைக்காரர் தமிழில் கல்லில் வெட்டிவைத்தனர். வலங்கை, இடங்கை முதலிய பிரிவுகள் அதில் பெயரோடு நிற்கின்றன. பாடல்களில் புலவரின் விளியைக் கேட்டு நின்ற காவலர், பொலன்னறுவைக் கல்லில் தம் கூட்டத்தின் பெயரால் தாமே பேசுகின்றனர்.