சிறு திருத்தமும் பெரும் பொறுப்பும்

மும்பையில் வாழும் தமிழருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றதும் இரண்டு நினைவுகள் எழும். ஒன்று, மாட்டுங்காவின் காப்பி மணமும் பூக்கடைகளும். மற்றொன்று, இரயில்வேயார் அறிவிக்கும் 'மெகா பிளாக்'. செம்பூரிலிருந்து உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் புறப்பட்டவர், ஹார்பர் பாதையில் சில மணி நேரம் வண்டி இல்லையென்று நிலையத்துக்கு வந்த பிறகே அறிந்து திகைப்பதுண்டு. முணுமுணுப்பாரேயன்றி, அந்தப் பணியே வேண்டாமென்று எவரும் சொல்வதில்லை. தண்டவாளத்தைப் பார்க்கிறார்கள், மின்கம்பியைச் சீராக்குகிறார்கள். திங்கட்கிழமை காலை வழக்கமான வண்டி வழக்கமான நிலையத்தில் வந்து நிற்கிறது. பராமரிப்புப் பணியின் இலக்கணம் இதுவே: பழுது நீங்க வேண்டும், பயணியின் பழக்கம் கெடக் கூடாது.

கணினிக்குக் கட்டளை எழுதப் பயன்படும் நிரல்மொழிகளுக்கும் இத்தகைய பராமரிப்பு உண்டு. இன்று பள்ளி முதல் ஆராய்ச்சிக்கூடம் வரை பரவியிருக்கும் பைத்தான் என்னும் நிரல்மொழியை எடுத்துக்கொள்வோம். டச்சுக்காரரான கைடோ வான் ரோசம் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட மொழி இது. தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் இதனைத் தமிழிலேயே பாடமாகப் படிக்கின்றனர். இதன் பதிப்புகளை மூன்று எண்களால் குறிப்பர். முதல் எண் மாறினால் வீடே புதிதாகக் கட்டப்பட்டதென்று கொள்ளலாம். இரண்டாம் எண் மாறினால் புதிய அறைகள் சேர்ந்துள்ளன. மூன்றாம் எண் மட்டும் மாறினால், ஓட்டை அடைபட்டது, உடைந்த ஓடு மாற்றப்பட்டது, அவ்வளவே. இந்த மூன்றாம் எண்ணுக்குரியதைத்தான் பராமரிப்பு வெளியீடு என்கின்றனர்.

நாம் பொறியியல் கற்றவரல்லோம். கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசின் அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டிருக்கிறோம். இந்த மூன்றாம் எண்ணில் நமக்கு அக்கறை பிறந்தது, தாராவியில் 2022ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியால்.

90 அடிச் சாலையை அடுத்த சந்தில் நம் நண்பர் ஒருவர் தோல் பை தைக்கும் தொழில் செய்கிறார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து அவர் தந்தையார் காலத்தில் வந்த குடும்பம். மகனைக் கல்லூரியில் சேர்த்து, பழைய கணினி ஒன்றைத் தவணை முறையில் வாங்கிக் கொடுத்திருந்தார். ஒரு மாலை, பையன் வாடிய முகத்தோடு நம்மிடம் வந்தான்.

"மாமா, கல்லூரியில் சரியாக ஓடிய நிரல் வீட்டில் ஓடமாட்டேன் என்கிறது. இராத்திரி முழுவதும் எழுதி எழுதி அழித்தேன். தப்பு எங்கே என்றே தெரியவில்லை" என்றான்.

தந்தையாரோ, "கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் அண்ணாச்சி; நாளைக்கே பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன்" என்றார்.

பயிற்சி எளியதே. 1 முதல் 2000 வரையுள்ள எண்களை வரிசையாகப் பெருக்கி விடையை அச்சிட வேண்டும். 1000 வரை பெருக்கினால் 2,568 இலக்கங்கள் கொண்ட எண் வருகிறது. அதனை வீட்டுக் கணினி தடையின்றி அச்சிட்டது. 2000 வரை பெருக்கினால் 5,736 இலக்கங்கள். அங்கே கணினி மறுத்துவிட்டது. திரையில் தோன்றிய ஆங்கிலச் செய்தியின் பொருள், 4300 என்னும் வரம்பு மீறப்பட்டது என்பதே. ஏன் அந்த வரம்பு? யார் விதித்தது? பையனுக்குத் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. ஆனால் அறிவிக்கைகளை வரி விடாமல் படிப்பது நம் தொழில். ஆகவே இரண்டு கணினிகளின் பதிப்பு எண்களையும் கேட்டறிந்தோம். கல்லூரியில் 3.10.6, வீட்டில் 3.10.7. வேறுபாடு மூன்றாம் எண்ணில் ஒன்றே ஒன்று. 3.10.7உடன் வெளிவந்த மாற்றக் குறிப்பைப் படித்ததும் மர்மம் விலகிற்று. பையனிடமும் பிழை இல்லை, பெட்டியிடமும் இல்லை. மொழியைப் பராமரிப்போர் 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் வேண்டுமென்றே செய்த மாற்றம் அது.

அதன் காரணத்தை அறிவது பயனுடையது. கணினி எண்களை நம்மைப் போலப் பத்தின் அடுக்குகளில் வைத்துக்கொள்வதில்லை. இரண்டின் அடுக்குகளில் வைத்துக்கொள்கிறது. நாம் படிப்பதற்காகப் பதின்ம இலக்கங்களாக மாற்றும்போது, பைத்தான் கையாண்ட முறையில், எண் இரு மடங்கு நீண்டால் உழைப்பு நான்கு மடங்காகும். பத்து மடங்கு நீண்டால் நூறு மடங்காகும். தீய எண்ணமுடைய ஒருவன், வயது கேட்கும் கட்டத்தில் இலட்சக்கணக்கான இலக்கங்களை எழுதி அனுப்பினால், அதனை மாற்றும் வேலையிலேயே கணினி மூழ்கிவிடும். வரிசையில் நிற்கும் மற்றவர்க்குச் சேவை கிடைக்காது. இந்தக் குறைபாடு 2020ஆம் ஆண்டின் குறைபாட்டுப் பட்டியலிலேயே எண் பெற்றிருந்தது. அதனை அடைக்கவே, 4300 இலக்கங்களுக்கு மேற்பட்ட மாற்றம் இயல்பாக நடவாது என்று வரம்பு கட்டினர். பெருக்கலுக்குத் தடையில்லை, எண்ணைப் பதின்ம எழுத்தாகவும் பதின்ம எழுத்தை எண்ணாகவும் மாற்றுவதற்கே தடை. 3.7 முதல் 3.10 வரை நான்கு வரிசைகளிலும் அந்த ஒரே மாதத்தில் பராமரிப்பு வெளியீடாகவே இது வந்தது.

பெரிய எண்களோடு நாளும் பழகும் கணிதத் துறையினர் சிலர் குறை கூறினர். நேற்று ஓடிய நிரல் இன்று நிற்குமானால், அதனைப் பராமரிப்பு என்பது எவ்வாறு பொருந்தும் என்பது அவர்கள் வினா. வினா நியாயமானதே. ஆயினும், எவரோ ஒருவர் நீண்ட எண்ணை அச்சிடும் வசதிக்காக, ஊரார் அனைவரும் நம்பியிருக்கும் சேவை நின்றுபோகலாமா என்பது மறுபக்கத்து வினா. அதுவும் நியாயமானதே.

இத்தகைய நெருக்கடி முன்னும் ஒருமுறை நேர்ந்தது. 2014ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 2.7.9 பராமரிப்பு வெளியீடுதான். அதற்கு முன், இணையத்தின் வழியே பூட்டிய தொடர்பு கொள்ளும் பைத்தான் நிரல், எதிரில் இருப்பவரின் அடையாளச் சான்றிதழைத் தானாகச் சோதிப்பதில்லை. கதவு பூட்டியிருந்தது, உள்ளே இருப்பவர் யாரென்று மட்டும் கேட்கவில்லை! 2.7.9 முதல் சான்றிதழைச் சோதிப்பதே இயல்பாயிற்று. தாமே எழுதிக்கொண்ட சான்றிதழோடு காலந்தள்ளிய இடங்களில் வேலை தடைப்பட்டது. எனினும் பராமரிப்போர் இதனை மறைவாகச் செய்யவில்லை. பராமரிப்பு வெளியீட்டில் புதுமை புகலாகாது என்ற வழக்கத்துக்கு ஏன் விலக்கு வேண்டும் என்பதை எழுத்தில் முன்வைத்து, விவாதித்து, அதன் பின்னரே செய்தனர்.

மொழிபெயர்ப்பாளருக்கு இஃது அயலான செய்தியன்று. அரசிதழில் பிழைத்திருத்தம் வரும்: 'செய்யலாம்' என்பதற்குப் பதிலாக 'செய்தல் வேண்டும்' என்று வாசிக்கவும் என்று. மாறுவது ஒரு சொல். ஆனால் விருப்பம் கடமையாகிவிடுகிறது. திருத்தத்தின் அளவை அதன் நீளத்தால் அளக்கலாகாது. அதனை நம்பி நடப்போருக்கு நேரும் மாறுதலால் அளக்க வேண்டும். ஆகையால்தான் திருத்தம் செய்தவர் நாளிட்டு, இடம் சுட்டி, பலர் அறிய வெளியிடுகிறார். அறிவிக்காத திருத்தம் நன்மைக்கே செய்யப்பட்டாலும் நம்பிக்கையைக் குலைக்கும்.

இம்மும்பையிலேயே, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 1960ஆம் ஆண்டில் ஒரு கணினியை இயக்கத்துக்குக் கொண்டுவந்தனர். 1962இல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். அதனை உருவாக்கிய குழுவின் தலைவர் ஆர். நரசிம்மன், சென்னையில் பிறந்தவர். அதன் நினைவகத்தில் 2,048 சொற்களுக்கே இடமிருந்தது. அந்நாளில் கணினியைச் செய்தவரும், பழுது பார்த்தவரும், பயன்படுத்தியவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள முடிந்தது. ஐயம் எழுந்தால் அடுத்த அறைக்குப் போய்க் கேட்கலாம். இன்று திருத்துவோர் உலகின் பல மூலைகளில் இருக்கின்றனர். பயன்படுத்துவோன் தாராவிச் சந்தில் இருக்கிறான். இருவருக்கும் இடையே உள்ள ஒரே பாலம் அந்த மாற்றக் குறிப்புத்தான்.

பாலத்தைக் கட்டுவது அவர் கடமை. அதன்மேல் நடப்பது நம் கடமை. நிரல் நின்றால் முதலில் நம்மையே நொந்துகொள்ள வேண்டாம். கருவியையும் உடனே பழிக்க வேண்டாம். பதிப்பின் மூன்று எண்களையும் பாருங்கள், குறிப்பைப் படியுங்கள். ஆங்கிலம் தடையானால் அறிந்தவரைக் கேளுங்கள். அதே வேளையில், தொல்லைக்கு அஞ்சித் திருத்தங்களை ஏற்காமல் விடுவதும் தவறு. 2.7 வரிசைக்கு 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்த 2.7.18 இறுதி வெளியீடாயிற்று. அதன் பின் அவ்வரிசைக்கு அம்மொழியின் பராமரிப்போரிடமிருந்து பழுதுபார்ப்பு இல்லை. பழுதுபார்ப்போர் கைவிட்ட வீட்டில் எத்தனை மழைக்காலம் தங்க முடியும்?

நம் நண்பரின் மகன், வரம்பை உயர்த்தும் கட்டளை ஒரே வரிதான் என்பதைக் குறிப்பிலேயே கண்டுகொண்டான். 5,736 இலக்கங்களும் திரையில் ஓடி நின்றன. தந்தையார் அவற்றைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சை அதன் பின் எடுக்கவில்லை. மறுநாள் பையன் தன் வகுப்பு நண்பர்களுக்காக அந்தக் குறிப்பின் சாரத்தைத் தமிழில் நான்கு வரிகளில் எழுதி நம்மிடம் காட்டினான். மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லை மட்டும் திருத்தினோம். திருத்திய இடத்தில், இன்ன சொல் மாற்றப்பட்டது என்று பக்கத்திலேயே குறித்தும் கொடுத்தோம்.