நாவின் அச்சம் நீங்குக!

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மலையகத் தோட்டங்களிலிருந்து சர்வகலாசாலை புகுந்த நாம், அங்குள்ள ஆங்கில வகுப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

இந்நாட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் மொழிவாரியாகப் பிரிந்தே பயில்கின்றனர். ஹட்டனில் படித்த தமிழ் மாணவனும் மாத்தறையில் படித்த சிங்கள மாணவனும் ஒரே வாங்கில் அமர்வது பெரும்பாலும் சர்வகலாசாலையிலேதான். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. ஆனால் சட்டம் இணைத்தாலும் நா எழுவதில்லையே! சிங்கள மாணவர் ஆங்கிலத்துக்கு இட்ட பெயர் ‘கடுவ’, அதாவது வாள். கிராமத்திலிருந்து வந்தவனை வெட்டி வீழ்த்தும் வாள்! பேராதனைப் பேராசிரியர் திரு கந்தையா 1984இல் வெளிவந்த கட்டுரையொன்றின் தலைப்பிலேயே இச்சொல்லை வைத்து ஆராய்ந்தார்.

ஆகவே, அச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. பக்கத்தில் இருக்கும் சிங்களத் தோழனும் அதே அச்சத்தால்தான் வாய் திறவாதிருக்கிறான். அவனது மௌனத்தை நாம் செருக்கென்கிறோம். நமது மௌனத்தை அவன் வெறுப்பென்கிறான். பகைமை இப்படியும் முளைக்கிறது.

இதற்கு மருந்து என்ன? முதலாவது, எடுத்த எடுப்பிலே வகுப்பின் முன் நிறுத்தாமல், இருவர் பேசட்டும், பின் நால்வர், அதன் பின்னரே யாவர் முன்னிலையிலும். இரண்டாவது, அவரவர் அறிந்ததையே பேசட்டும். நாம் காமன் கூத்தைச் சொல்வோம். சிங்களத் தோழி வெசாக் தன்சலைச் சொல்லட்டும். முஸ்லிம் தோழன் நோன்பைச் சொல்லட்டும். அறியாததைக் கேட்பவர் பிழையை எண்ணுவதில்லை. மேலும் மேலும் வினவுவர். மூன்றாவது, பேசுபவர் முடிக்குமுன் திருத்தலாகாது. நகைத்தல் ஒருபோதும் ஆகாது.

நம் பாட்டன்மார் ‘பரேட்’ என்பதைப் பெரட்டு என்றார்கள். ‘கொன்ட்ராக்ட்’ என்பதைக் கொந்தரப்பு என்றார்கள். அச்சொற்களைக் கொண்டே காரியம் நடத்தினார்கள், உச்சரிப்புக்காக நாணினார்களா? தோட்டத்திலே பிறந்து, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள், கொழுந்து பறிப்போரின் துயரை ஆங்கிலத்திலேயே உலகறியப் பாடினார். அதனால் அவர் தமிழை மறந்தவரல்லர். தமிழில் நாவல்களும் எழுதினார்.

பெரியோர்களே! வாரத்தில் ஒரு மணி நேரம் இச்சங்க மண்டபத்தைத் தாருங்கள். அயலிலுள்ள சிங்கள, முஸ்லிம் வாலிபரையும் அழைப்போம். சர்வகலாசாலை செல்லுமுன்னரே நம் தம்பி தங்கையரின் நா பழகட்டும். பிழையாகப் பேசும் பிள்ளையைப் பார்த்து ஊர் சிரித்தால், அப்பிள்ளை பிறகு பேசவே மாட்டாது. பிறர் சொல்லைப் பொறுமையுடன் கேட்பவனே பிறர் சமயத்தையும் மதிப்பான்.