நல்ல நேரமும் நம் கடிகாரமும்



கலியாணப் பேச்சு முற்றானதும் இரு வீட்டாரும் முதலிற் கேட்பது, நாள் எது, முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்பதே. பொன்னுருக்கு முதல் தாலிகட்டு வரை ஒவ்வொன்றுக்கும் நேரம் பார்க்கும் நாம், அந்த நேரம் எவ்வாறு கணிக்கப்படுகிறது என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்தையும் உரைப்பது பஞ்சாங்கம். நம் நாட்டில் வாக்கியம், திருக்கணிதம் என இரண்டு வழங்குகின்றன. முன்னது பழைய வாக்கியங்களின்படி கணிப்பது; பின்னது கோள்களின் நிலையைக் கண்டறிந்து திருத்திக் கணிப்பது. ஆதலால் திதி முடியும் வேளை இரண்டிலும் சில நாழிகை வேறுபடும். பெண் வீட்டார் ஒன்றையும் மாப்பிள்ளை வீட்டார் மற்றொன்றையும் விரித்து வாதிட்டால், நல்ல நாளே மனத்தாங்கலுக்கு வித்தாகிவிடும்.

மிஷன் பள்ளிக்கூடத்திற் பூகோளம் படித்த நமக்கு ஒரு சிறு கணக்குத் தெரியும். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் செல்லும். மட்டக்களப்பு யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 1.7 பாகை கிழக்கே உள்ளது. ஆகவே யாழ்ப்பாணத்து உதயத்துக்குக் கணித்த லக்கினம் இங்கே ஏறக்குறைய 7 நிமிடம் முந்தித் தொடங்கும். பருவத்துக்கேற்ப இது சற்றே கூடும், குறையும். லக்கினத்தின் கடைசி நிமிடங்களில் முகூர்த்தம் வைப்போருக்கு இது சிறு விடயமன்று.

இதனினும் பெரிய விடயம் ஒன்றுண்டு. 1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாட்டின் போது, அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன் தள்ளிற்று. அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணி நேரத்தைக் குறைத்தது. மீதி அரை மணி நேரம் 2006 ஏப்பிரலிலேதான் நீங்கிற்று. விடுதலைப் புலிகளின் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலோ பழைய நேரமே வழங்கிற்று. ஞாயிறு எழும் திசையையும் படும் திசையையும் கொண்டு எழுவான்கரை, படுவான்கரை எனப் பெயர் பெற்ற நம் வாவியின் இரு கரைகளுக்கும் ஞாயிறு ஒன்றே, கடிகாரமோ இரண்டாயிற்று.

அந்தப் பத்தாண்டிற் பிறந்தவர்களுக்கே இன்று நாம் பொருத்தம் பார்க்கின்றோம். குறித்து வைத்த பிறந்த நேரம் பழையதா, புதியதா என்று கேளாமற் சாதகம் எழுதினால் லக்கினமே மாறிவிடக்கூடும். பின்னர் "பொருத்தமில்லை" என்ற ஒரு சொல்லால் நல்ல சம்பந்தம் தட்டிப்போகும். குற்றமற்ற பெண்பிள்ளை வீட்டிலிருந்து கண்கலங்குவாள்.

ஆகவே பெரியோர்களை நாம் பணிவுடன் வேண்டுவது இதுவே: பேச்சுத் தொடங்கும்போதே ஒரே பஞ்சாங்கத்துக்கு இரு வீட்டாரும் இசையுங்கள். "நம் ஊருக்குக் கணித்துத் தாருங்கள்" என்று சாத்திரியாரிடம் கேளுங்கள். சாதகத்தை விரிக்குமுன் பிறந்த நேரம் எந்தக் கடிகாரத்தின் நேரம் என விசாரியுங்கள். இளைஞர்களே, இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுப்பது நம் கடமை. இப்படிக் கேட்பது சாத்திரத்தை அவமதிப்பதாகாது. அதனை உண்மையாக மதிப்பதேயாகும்.