மிச்சத் துணியில் ஒரு போர்வை



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எங்கள் வீட்டு அலுமாரிகளில் மிச்சத் துணிகள் வருடக்கணக்காகக் கிடக்கின்றன. எறிய மனமில்லை, தைக்க நேரமில்லை.

நேரத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. நூல் துணிகளையே எடுத்து, முதலில் தோய்த்து மினுக்குங்கள். சாயம் போவதும் சுருங்குவதும் அப்போதே தெரிந்துவிடும். பிறகு 46 அங்குல நீளம், இரண்டரை அங்குல அகலத்தில் ஆறு பட்டிகள் வெட்டுங்கள். வெளிர் நிறமும் கடும் நிறமும் மாறிமாறி வரட்டும். கால் அங்குலம் விட்டு நீளவாட்டில் மெஷினில் மூட்டுங்கள். ஓரத்தை நேராக்கி, குறுக்கே இரண்டரை அங்குலத்துக்கு ஒன்றாக வெட்டினால் 18 வரிசைகள், 108 சதுரங்கள். தனித்தனிச் சதுரங்களை இப்படி வரிசையாக்க 90 சிறு தையல்கள் வேண்டும். இங்கே ஐந்து நீளத் தையல்கள் போதும். ஒன்றுவிட்டு ஒரு வரிசையைத் தலைகீழாகத் திருப்பி மூட்டினால் சதுரங்கக் கட்டம் வந்துவிடும்.

இந்த முறையில் ஒருவரின் பட்டி 18 வரிசைகளிலும் இருக்கும். அதை நாங்கள் பங்கிடலாம். 1983 ஆடிக் கலவரத்தில் வீடு எரிந்து, உடுத்த துணியோடு யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறியவர்கள் எங்களுள் உண்டு. அவர்களிடம் அம்மாவின் சேலைத் துண்டு ஒன்றும் இல்லை. அவர்களுக்கும் சோறு போட்ட அயல்வீட்டு அம்மாமாரின் சேலைகள் சில எங்களிடம் இருக்கின்றன.

ஆகவே, கொழும்பிலோ லண்டனிலோ ரொறன்ரோவிலோ, பட்டி வெட்டும்போது இரண்டாக வெட்டுங்கள். ஒன்று உங்களுக்கு, மற்றது துண்டே இல்லாத சிநேகிதிக்கு.