போர் எங்கோ, விலை நம் அடுப்பில்

(மும்பையில் நடைபெற்ற நமது சங்க மாதக் கூட்டத்தில் ரயில்வே குமாஸ்தாத் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)

 

'போரும் விலைவாசியும் நம் மக்களும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் பெரிய பேச்சாளன் அல்ல. மெட்ரிக் படித்துவிட்டு ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கிறவன். பேரேடு புரட்டுகிறவன் எப்படிப் பேசுவானோ அப்படித்தான் பேசுவேன். செலவு எவ்வளவு, அது யார் கணக்கில் எழுதப்பட்டது என்பதுதான் என் பேச்சு.

போர் என்றதும் நாம் எல்லையை நினைக்கிறோம், சிப்பாயை நினைக்கிறோம். தாராவியிலோ மாட்டுங்காவிலோ ஆன்டாப் ஹில்லிலோ குடியிருப்பவனுக்கு அதில் என்ன என்று கேட்கலாம். ஆனால் ஒவ்வொரு போரும் நம் அடுப்படிக்கு வந்துதான் போயிருக்கிறது.

1942-ல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்தது. அங்கே பிழைக்கப் போயிருந்த நம் ஜனங்கள் காடும் மலையும் கடந்து கால்நடையாகத் திரும்பினார்கள். வழியில் மாண்டவர்கள் பல்லாயிரம் பேர். பர்மா அரிசியும் நின்றது. 1943-ல் பம்பாய் நகரத்தில் முழு ரேஷன் வந்தது. இன்று நாம் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ரேஷன் கடை, போர்க்காலத்தில் பிறந்த பிள்ளை.

பஞ்சப்படியும் அப்படித்தான். அதே யுத்தம் தொடங்கி விலை ஏறியபோது, பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஜி.ஐ.பி. ரயில்வேயின் தொழிலாளிகள் பஞ்சப்படி கேட்டார்கள். அதை விசாரிக்க 1940-ல் பி.என். ராவ் தலைமையில் விசாரணை மன்றம் அமைக்க வேண்டியதாயிற்று. யாரும் தாமாக இரங்கிக் கொடுக்கவில்லை. கேட்டார்கள், கூடி நின்று கேட்டார்கள்.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரேஷன், பஞ்சப்படி. கெட்ட காலத்தில் ஏழைக்குக் கிடைத்த இரண்டு குடைகள். மழை எல்லோர் மேலும் பெய்கிறது. குடை யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

1965-ல் பாகிஸ்தானோடு போர். அதே ஆண்டும் அடுத்த ஆண்டும் மழை பொய்த்துப் பஞ்சம். 1966 ஜூன் 6-ந் தேதி ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 பைசா என்று இருந்தது 7 ரூபாய் 50 பைசா ஆயிற்று. அதே ஜூன் மாதத்தில்தான் இந்த நகரத்தில் சிவசேனை தொடங்கியது. அதன் முதல் கோபம் யார் மேல்? தென்னிந்தியக் குமாஸ்தா மேல், இட்லிக் கடைக்காரன் மேல். வேலை இல்லை, அரிசி இல்லை என்ற கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தைத் திருப்பிவிட்ட திசைதான் அநியாயம். கஷ்டகாலம் வந்தால் வெளியூர்க்காரனுக்கு இரண்டு அடி விழும். ஒன்று விலைவாசி அடி. மற்றொன்று "நீ ஏன் இங்கே வந்தாய்?" என்ற அடி.

1971-ல் கிழக்கு வங்கத்திலிருந்து சுமார் ஒரு கோடி அகதிகள் வந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டது நம் நாட்டின் பெருமை. அதற்காக 1971 நவம்பரிலிருந்து தபாலுக்கு 5 பைசா அகதி நிவாரண ஸ்டாம்பு ஒட்ட வேண்டும் என்றார்கள். அந்தக் காலத்தில் ஊருக்கு அதிகம் கடிதம் எழுதியவர்கள் யார்? பெற்றவளை ஊரில் விட்டுவிட்டு இங்கே வந்தவர்கள்தானே! தர்மத்தில் நமக்கும் பங்கு உண்டு, சந்தோஷம். ஆனால் மாளிகைக்காரனும் மூட்டை தூக்குகிறவனும் அதே 5 பைசா கொடுத்தார்கள். மறைமுக வரியின் குணம் இதுதான்.

1973 அக்டோபரில் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் போர் மூண்டது. சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. இங்கே ஏற்கனவே மழை பொய்த்துத் தானிய விலை ஏறியிருந்தது. அதன் மேல் இது. 1974-75-ல் மொத்த விலைவாசி சுமார் 25 சதவீதம் ஏறியது. 1974 மே 8-ந் தேதி நாடு முழுவதும் ரயில்வே தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமை. எட்டு மணி நேர வேலை, போனஸ், விலைக்கேற்ற பஞ்சப்படி என்று கேட்டார்கள். ஆயிரக்கணக்கில் சிறை, வேலைநீக்கம். ரயில்வே குடியிருப்புகளிலிருந்து குடும்பங்களை வெளியேற்றினார்கள். 20 நாளில் போராட்டம் முடிந்தது. ஜூலையில் கட்டாய டெபாசிட் அவசரச் சட்டம் கொண்டுவந்து, கூடுதல் பஞ்சப்படியில் பாதியைப் பிடித்து வைத்தார்கள். போராட்டம் தோற்றது என்று அப்போது எழுதினார்கள். ஆனால் 1979-ல் ரயில்வேக்குப் போனஸ் வந்தது. இன்று என்னைப் போன்றவன் வாங்குகிற போனஸில் அன்று வேலை இழந்தவனின் வீட்டுக் கண்ணீர் இருக்கிறது.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தது. அங்கே வேலை பார்த்த நம் நாட்டவர் 1,70,000 பேர் அளவில் அம்மான் வழியாக விமானத்தில் இந்த மும்பைக்குத்தான் வந்து இறங்கினார்கள். கையில் ஒரு பை, சிலரிடம் அதுவும் இல்லை. எண்ணெய் விலை ஏறியது, வளைகுடாவிலிருந்து வந்த பணம் குறைந்தது, நாட்டின் அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்கு மட்டுமே போதும் என்ற நிலை. 1991 ஜூலையில் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தது. நாடே அடகுக் கடைக்குப் போனால், நம் வீட்டுத் தோடும் மூக்குத்தியும் எங்கே போயிருக்கும் என்று தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மேல் படையெடுத்தது. நாம் இறக்குமதி செய்யும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி அந்த இரண்டு நாடுகளிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியாவும் பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரம் நிறுத்தியது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்து, வடை சுட்டு, சைக்கிளில் கொண்டுபோய் விற்கிற நம் தாராவிக் குடும்பத்துக்கு உக்ரைன் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. வடைச்சட்டியில் ஊற்றும்போது அது தெரிந்தது. வடையின் விலையை ஒரு ரூபாய் ஏற்றினால் வாடிக்கை போகிறது. ஏற்றாவிட்டால் லாபம் போகிறது.

டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறவனுக்கும் கஷ்டகாலம் கண்ணில் தெரியும். நல்ல காலத்தில் கொடைக்கும் பொங்கலுக்கும் குடும்பத்தோடு போக, வர டிக்கெட் கேட்பார்கள். கெட்ட காலத்தில் "மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும், திருநெல்வேலிக்கு, போவதற்கு மட்டும்" என்பார்கள். பள்ளிக்கூடம் நடக்கிற மாதத்தில் ஒருவன் அப்படிக் கேட்டால், அங்கே ஒரு குடித்தனம் கலைகிறது என்று அர்த்தம்.

தோழர்களே, இதுவரை சொன்னதன் சாரம் ஒன்றுதான். போரை நிறுத்துகிற சக்தி நம் கையில் இல்லை. அதன் செலவு யார் தலையில் விழ வேண்டும் என்பதில் நமக்குக் குரல் உண்டு. ஒன்றுபட்டவன் குடை பிடித்துக்கொண்டான். தனித்து நின்றவன் நனைந்தான். எனக்குப் பஞ்சப்படி உண்டு. ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், விலைவாசிக் கணக்குப்படி மாறுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பி பெல்ட்டும் பையும் தைக்கிறார். அவருக்கு உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. ஆர்டர் குறைந்தால் உருப்படி குறைகிறது. விலை ஏறினாலும் கூலி அதே கூலி. இருவரும் ஒரே கடையில்தான் அரிசி வாங்குகிறோம்!

ஆகவே நம் சங்கம் மூன்று காரியங்கள் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, ரேஷன். 2020 மார்ச் 25-ந் தேதி ஊரடங்கு வந்தபோது, ஊரில் கார்டு வைத்திருந்த நம் குடும்பங்களுக்கு இங்கே அந்தக் கார்டு வெறும் அட்டை. எந்த மாநிலத்திலும் வாங்கலாம் என்ற 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தது அந்த ஆண்டு அக்டோபரில். பசி மார்ச்சில் வந்தது, உத்தரவு அக்டோபரில் வந்தது. இப்போது அந்த வசதி இருக்கிறது. ஆனால் முன்னுரிமைக் கார்டுக்கும் அந்த்யோதயா கார்டுக்கும் மட்டும்தான். உங்கள் கார்டில் பி.எச்.எச். என்று இருக்கிறதா, என்.பி.எச்.எச். என்று இருக்கிறதா என்று இன்றிரவே பாருங்கள். முன்னதாக இருந்தால், ஆதார் இணைந்திருந்தால், இங்கே ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் வாங்கலாம். ஊரில் இருப்பவர் தம் பங்கை ஊரிலேயே வாங்கிக்கொள்ளலாம். தமிழ்நாட்டுப் பருப்பும் பாமாயிலும் மட்டும் இங்கே கிடைக்காது. ஒவ்வொரு சாலிலும் ஒருவர் பொறுப்பேற்று வீட்டுக்கு வீடு கார்டு விவரம் எழுதிச் சங்கத்தில் கொடுக்க வேண்டும். அடுத்த கஷ்டம் வந்த பிறகு கியூவில் நின்று விசாரிக்கக் கூடாது.

இரண்டாவது, கூலி. மகாராஷ்டிர அரசு குறைந்தபட்சக் கூலியோடு 'விசேஷ அலவன்ஸ்' என்று ஆறு மாதத்துக்கொருமுறை விலைவாசிக்கேற்ப அறிவிக்கிறது. அந்தக் கணக்கு உருப்படிக் கூலிக்காரனை எட்டுவதில்லை. பட்டறைக்காரரும் நம்மவர்தான், அவருக்கும் கஷ்டம்தான். அவரோடு சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. ஒரு நாளில் எத்தனை உருப்படி தைக்க முடியும், அதற்கு என்ன கிடைக்கிறது, அரசு சொன்ன கூலி என்ன என்று நோட்டுப் போட்டு எழுதுங்கள். எழுதிய கணக்கோடு போனால் பேச்சுக்கு மரியாதை உண்டு.

மூன்றாவது, நம் நாக்கு. இன்று தாராவியில் நம் பக்கத்து மெஷினில் பீகார்ப் பையன் உட்கார்ந்திருக்கிறான். ஆர்டர் குறைகிற அன்று, "இவன் வந்ததால்தான் கூலி போச்சு" என்று ஒரு வார்த்தை வரும். 1966-ல் நம் பெரியவர்கள் கேட்ட அதே வார்த்தை அது. அதை நாம் சொல்லக் கூடாது. அவனையும் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். அவன் குறைந்த கூலிக்கு ஒத்துக்கொள்வது தனியாக இருக்கிற வரைக்கும்தான்.

கார்டு, கணக்கு, கூட்டு. இந்த மூன்றையும் அடுத்த மாதக் கூட்டத்துக்குள் தொடங்கிவிட்டோம் என்று சொல்லும்படி செய்வோம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளர் மேஜைக்கு வரலாம். தாய்மார்கள் முதலில் வாருங்கள், ரேஷன் விஷயம் உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.