குழந்தைக் காப்பகத்தில் தூய்மையும் மூச்சும்

(பங்சாரில் குழந்தைப் பராமரிப்பாளரும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய உரை)

 

நாம் கூடியிருக்கும் இப்பங்சார் இன்று மாடமாளிகைகளும் கடைத்தொகுதிகளும் நிறைந்த நகர்ப்பகுதி. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இஃது ஒரு ரப்பர்த் தோட்டம். பங்கே, கிரிசார் என்னும் இருவர் பெயரால் வழங்கிய தோட்டத்தின் பெயரே சுருங்கிப் ‘பங்சார்’ ஆயிற்று என்பர். பால்மரங்கள் நின்ற இம்மண்ணில் இன்று குழந்தைக் காப்பகங்கள் நிற்கின்றன. தோட்டத்தில் ‘ஆயாக் கொட்டகை’ என்றோம். நகரில் ‘தாஸ்கா’ என்கின்றனர். பெயர் வேறாயினும் பொறுப்பு ஒன்றே.

என் தாயார் ஓர் ஆயாக் கொட்டகையில் பணி புரிந்தவர். பெரட்டுக்கு முன்னரே பிள்ளைகள் வந்துவிடுவர். அதற்குள் அவர் மருந்து நீரால் தரையைக் கழுவி முடித்திருப்பார். “கண் எரிந்தால்தான் கிருமி சாகும்” என்பது அவருடைய நம்பிக்கை. அந்நம்பிக்கை இன்றும் நம்மில் பலரிடம் உள்ளது. அது தவறு என்பதை எடுத்துரைக்கவே இங்கு நிற்கிறேன். வாடை வேறு, தூய்மை வேறு.

தோழர்களே! பால் மங்கிலும் வாளியிலும் உறைந்துவிடாதிருக்க அமோனியாவையும், ஆலையில் அதனை உறையச் செய்ய ஃபார்மிக் அமிலத்தையும் பயன்படுத்துவதை நீங்கள் அறிவீர்கள். அவ்வவற்றுக்குரிய இடத்தில் இரண்டும் நமக்கு உதவுபவை. ஆனால், ‘குளோராக்ஸ்’ என்று பொதுவாக நாம் அழைக்கும் வெளுப்பு நீருடன் அமோனியா கலந்தால் குளோரமின் என்னும் நச்சாவி எழும். அமிலம் கலந்தால் குளோரின் வாயு எழும். கழிவறையைக் கழுவும் திரவங்கள் பலவற்றிலும் அமிலம் உண்டு. 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள், பெல்ஜியம் நாட்டின் ஈப்பர் போர்முனையில் படைவீரர்களைக் கொல்லப் பயன்பட்டதும் இதே குளோரின் வாயுதான். வாளியில் எழும் அளவு சிறிதே; எனினும் அடைத்த அறையில் மூச்சைத் திணறச் செய்ய அதுவே போதும்.

குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. ஆதலால் தாழ்ந்து தரையை நாடும். தரையில் தவழ்பவர் யார்? குழந்தையன்றோ! மேலும், குழந்தை நம்மைவிட விரைவாக மூச்சு விடுகிறது. அதன் மூச்சுக்குழலோ மிகக் குறுகியது. சிறிது வீங்கினாலும் இரைப்பு உண்டாகும்.

2020-ஆம் ஆண்டில் கனடாவில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய ஆய்வொன்று வெளியாயிற்று. பிறந்த சில மாதங்களில், துப்புரவுப் பொருள்களை அடிக்கடி பயன்படுத்திய வீடுகளில் வளர்ந்த குழந்தைகளிடையே, மூன்று வயதில் ஆஸ்துமாவும் இரைப்பும் கூடுதலாகக் காணப்பட்டன. காற்றில் தெளிக்கும் வகைகளும் நறுமணம் ஊட்டியவையும் அதனுடன் தொடர்புடையனவாக இருந்தன. இதுவொன்றே முடிந்த முடிபன்று. ஆயினும் எச்சரிக்கை கொள்ளத் தக்கது. துப்புரவு செய்யும் பெண்களின் நுரையீரல் ஆற்றல் ஏனையோரைவிட விரைவாகக் குன்றுவதை, நார்வே ஆய்வாளர் தலைமையில் இருபது ஆண்டுகள் நடந்த ஆய்வு 2018-இல் காட்டிற்று. ஆகவே, இது பிள்ளையின் மூச்சு மட்டுமன்று. பிள்ளையைப் பேணும் தாயின் மூச்சும் ஆகும்.

அப்படியானால் வெளுப்பு நீரை எறிந்துவிடலாமா? கூடாது. 1997-ஆம் ஆண்டில் சரவாக்கில் கை, கால், வாய் நோய் பரவியபோது இளங்குழந்தைகள் பலர் மாண்டனர். அந்நோயின் கிருமியைச் சோப்பு நீரும் சாராயக் கலவையும் எளிதில் கொல்லமாட்டா. வெளுப்பு நீர் கொல்லும். ஆகவே, தேவையான இடத்தில், தேவையான அளவில், முறையோடு பயன்படுத்துதலே அறிவுடைமை.

அம்முறைகளைக் கேளுங்கள். நாள்தோறும் தரைக்கும் மேசைக்கும் சோப்பும் நீருமே போதும். கழிவறை, அணையாடை மாற்றும் இடம், வாந்தியோ மலமோ பட்ட இடம், நோயுற்ற பிள்ளை தொட்ட பொருள் ஆகியவற்றுக்கே வெளுப்பு நீர் வேண்டும். முதலில் அழுக்கை அகற்றுங்கள். அழுக்கின்மேல் ஊற்றிய மருந்து வீணாகும். 5 விழுக்காடு வலிமையுள்ள வெளுப்பு நீரில் 20 மில்லிலிட்டரை ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் கலந்தால் போதுமானது. அளவைக் கூட்டினால் கிருமி இரட்டிப்பாகச் சாகாது, நெடிதான் இரட்டிப்பாகும். தெளிப்பானைத் தவிர்த்துத் துணியால் துடையுங்கள். பிள்ளைகளை வெளியேற்றிச் சன்னல்களைத் திறந்துவிட்டே இதனைச் செய்யுங்கள். நெடி நீங்கிய பின்னரே அவர்களை உள்ளே விடுங்கள். விளையாட்டுப் பொருள்களை நல்ல நீரில் அலசி உலர்த்துங்கள்.

எந்த இரு மருந்தையும் ஒரே வாளியில் கலவாதீர்கள். தோட்டத்து அமோனியாவையோ அமிலத்தையோ, அவை இருந்த காலிப் பாத்திரங்களையோ வீட்டுக்கும் காப்பகத்துக்கும் கொண்டு வராதீர்கள். பான போத்தல்களில் மருந்தை ஊற்றி வையாதீர்கள்.

தவறிப்போய் நச்சாவி எழுந்தால், வாளியைத் தேடி நிற்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளிக்காற்றுக்குச் செல்லுங்கள். கண் எரிந்தால் கால் மணி நேரம் நல்ல நீரால் கழுவுங்கள். மூச்சுத் திணறினால் 999 எண்ணை அழையுங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையமும் ஆலோசனை வழங்கும்.

பெற்றோர்களே! 1984-ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டப்படி காப்பகங்கள் சமூக நலத் துறையில் பதிவு பெற வேண்டும். பதிவு உண்டா என்று கேட்பதோடு, எதனால் கழுவுகிறீர்கள், எப்பொழுது கழுவுகிறீர்கள் என்றும் பணிவோடு கேளுங்கள். அக்கேள்வி ஆயாவைக் குறை கூறுவது ஆகாது. அவருடைய நலத்தையும் காப்பதாகும்.

என் தாயார் தம் முதுமையில் ஓயாது இருமினார். அவ்விருமலுக்குத் தரை கழுவிய மருந்துதான் காரணமென்று என்னால் உறுதி கூற இயலாது. ஆனால், அன்று யாரேனும் அவரிடம், “அம்மா, சன்னலைத் திறந்து வைத்துக் கழுவுங்கள்” என்று கூறியிருக்கலாம். ஒருவரும் கூறவில்லை. இன்று நான் உங்களிடம் கூறிவிட்டேன். நீங்கள் அடுத்தவரிடம் கூறுங்கள்.