துறுதுறுப்பு மருந்தும் திடீர் அச்சமும்



ஓரிடத்தில் நிலைகொள்ளாமல், சொன்னதைக் காதில் வாங்காமல் திரியும் பிள்ளையை 'அடங்காப்பிடாரி' என்று சொல்லிவிடுகிறோம். சில பிள்ளைகளிடம் இது குறும்பு அன்று. கவனக்குறைவும் மிகையியக்கமும் கூடிய ஒரு குறைபாடாகும். வளர்ப்பின் பிழையால் வருவதும் அன்று. இதற்கு வைத்தியர்கள் பெரிதும் வழங்குவது மெதில்பெனிடேட் என்னும் மருந்து. 1944-இல் சுவிட்சர்லாந்தின் சிபா கம்பெனியில் முதன்முதல் உருவாக்கப்பெற்றது. விந்தை யாதெனில், இது பிள்ளையை மயக்கி அடக்கும் மருந்தன்று. மூளையைத் தூண்டிக் கவனத்தை நிலைநிறுத்தும் மருந்து.

தூண்டும் மருந்தாகையால் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சற்று ஏறலாம். பசி குறையும், உறக்கம் தள்ளிப்போகும். சில பிள்ளைகளுக்குத் திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கைகால் நடுங்கும். செத்துவிடுவோம் என்று அலறுவார்கள். பெரும்பாலும் அரை மணிக்குள் அது தணிந்துவிடும். இதைக் கண்டு வேப்பிலை அடிக்க அழைத்துச் செல்வோரும் உண்டு. பாசாங்கு என்று பிரம்பெடுப்போரும் உண்டு. இரண்டும் தகா. பிள்ளையை அருகில் அமர்த்தி, மெல்ல மூச்சுவிடச் சொல்லி, கூட இருத்தலே வேண்டுவது. மயங்கி விழுந்தாலோ நெஞ்சுவலி என்றாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

மருந்துதான் காரணம் என்று அவசரப்பட்டு முடிவு கட்டவும் வேண்டா. இக்குறைபாடுள்ள பிள்ளைகள் பலருக்கு அச்ச நோயும் உடன் இருப்பதுண்டு. ஆகவே மாத்திரை கொடுத்த மணியையும் அச்சம் வந்த மணியையும் குறித்து வையுங்கள். சாதாரண மாத்திரையின் வேலை ஏறக்குறைய நான்கு மணி நேரமே. அதற்குள் வந்ததா, மருந்தின் வேகம் இறங்கியபின் வந்ததா, மருந்தே கொடாத நாளில் வந்ததா என்பதைக் கொண்டு வைத்தியர் அளவைக் குறைப்பார். அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார். திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்து நிலக்கடலையையும் மண்ணைப் பார்த்துத்தானே விதைக்கிறோம்! அடுத்த வீட்டுப் பிள்ளையின் அளவு நம் பிள்ளைக்கு ஆகாது. நாமாகக் கூட்டுவதும் நிறுத்துவதும் கூடா. சீட்டின்றி இம்மருந்தை விற்பதைச் சட்டமும் தடுக்கிறது.

உணவைப் பற்றி ஒரு சொல். மதியச் சத்துணவைப் பிள்ளை அப்படியே வைத்துவிட்டால் சினவாதீர்கள். அப்போது மருந்து பசியை அடக்கியிருக்கும். காலையில் வயிறார உண்டபின் மாத்திரை தரலாம். மாலையில் பசி திரும்பும்போது நன்கு ஊட்டலாம். காப்பியும் தேநீரும் படபடப்பைக் கூட்டும். இந்தப் பிள்ளைகளுக்கு அவை வேண்டா. எடையையும் உயரத்தையும் அவ்வப்போது பார்த்துவர வேண்டும்.

விழுப்புரத்தாருக்கும் திண்டிவனத்தாருக்கும் வழியிலேயே, முண்டியம்பாக்கத்தில், அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. இரவில் மனம் கலங்கினால் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம், கட்டணமில்லை. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி வைத்தியக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வருகின்றனர். அவர்கள் பார்க்கவேண்டிய குறைகளில் இதுவும் ஒன்று. குழு வரும் நாளை முன்னதாகவே கேட்டறிந்து தெருத்தோறும் சொல்லிவைப்பது பஞ்சாயத்து அங்கத்தினர்களால் ஆகக்கூடியதே. கடலை பறிப்புக் காலத்தில் பிள்ளையைக் கொல்லைக்கு அழைத்துச் சென்றுவிடும் வீடுகளுக்கு முதலில் சொல்லுங்கள்.